திங்கட்கிழமை வெள்ளைத்தாள்

டீச்சரின் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது.

இடது காது போய் ஒரு வருடமாகிறது. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்வியே காதில் விழாவிட்டால் அப்புறம் என்ன வாத்தியார் வேலை?

இந்த வகுப்பை மட்டும் கரையேற்றிவிட்டுப் போய்விடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் கையில் எடுத்த ஆய்வு அப்படி. கேள்வியை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றதும், நம் அறையில் பேச்சு ஏன் தெளிவாகக் கேட்பதில்லை என்று நாற்பது பேரும் ஒரே பிடியாய் நின்றார்கள்.

மூன்று மாதம் ஒரே அமர்க்களம். அளந்தார்கள், சண்டை போட்டார்கள், பழைய போர்வைகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டார்கள். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம் என்று சட்டம் வேறு.

டீச்சரின் மேஜையைக்கூட அவளுடைய இடது கைப்பக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். "இங்கதான் மிஸ் எதிரொலி கம்மி, வேணும்னா அளந்து பாருங்க" என்றாள் வகுப்பின் வாயாடி.

திங்கள்தோறும் நோட்டை மூடிவிட்டு, மண்டையில் தங்கியதை ஐந்து நிமிடம் வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. பார்த்துப் படிப்பதைவிட, யோசித்து எடுப்பதுதான் நிலைக்கும் என்பது டீச்சரின் கட்சி.

இன்று கடைசித் திங்கள். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள், போர்வையில்லாத வேறு அறை.

பிள்ளைகள் போனதும் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். தாள்களை மட்டும் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிடலாம்.

வாயாடியின் தாள்தான் மேலே இருந்தது.

'வெறும் சுவத்துல பட்டா சத்தம் திரும்பி வரும். துணி அத முழுங்கிடும். ரெண்டு பேர் சேந்து பேசினா ஒண்ணும் புரியாது. மிஸ்ஸுக்கு இடது காது கேக்காது. வலது பக்கம் நின்னுதான் பேசணும். பெரிய மிஸ்கிட்ட சொல்லக் கூடாது.'

அடுத்த தாள். அதற்கடுத்தது.

நாற்பதிலும் அதே கடைசி வரிகள். எழுத்துப்பிழைகள் மட்டும்தான் வேறு வேறு.

அடியில் கிடந்த தாளில் இன்னும் கொஞ்சம் இருந்தது. 'கீழ் கிளாஸுக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. வாராவாரம் பாக்காம எழுத வெச்சோம். மறக்க மாட்டாங்க.'

"என்ன டீச்சர், ஏதோ கடுதாசி மாதிரி இருக்கு?" வாசலில் தலைமையாசிரியை, பிள்ளைகளின் 'பெரிய மிஸ்'.

டீச்சர் அதைக் குப்புறத் திருப்பிப் போட்டாள்.

"வெள்ளைத்தாள்தாங்க மேடம். இன்னிக்கு நானும் எழுதணும்."