பாலத்தில் எரிக்காத ஓலை

ஆற்றின் இரு கரைத் தென்னைகளிலும் குருத்தழுகல் இருந்தது. ஆனால் எங்கள் கரைப் பூஞ்சை ஓரினம், அக்கரைப் பூஞ்சை வேறினம். தனித்தனியாக இருந்தவரை இரண்டும் மருந்துக்குக் கட்டுப்பட்டன. கலந்து பிறப்பதற்கு மருந்தே கிடையாது. அதனால்தான் பாலத்தில் சோதனைச் சாவடி வைத்தார்கள். கடந்து வரும் பெண்களைக் குளிப்பாட்டி, உடுப்பை எரிப்பது என் வேலை.

போன குருத்தோலை ஞாயிறன்று, அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் மகள் ஷெர்லின் நான்கு வருடம் கழித்து வந்தாள். தலையில் மூன்று முறை மருந்து நீர் ஊற்றினேன். பேரனின் அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துத் தீயில் போட்டேன். கடைசியாக அவள் கையில், அன்று அக்கரைக் கோயிலில் கொடுத்த ஓர் ஓலைச் சிலுவை இருந்தது.

“இதையுமா அம்மா?”

“மந்திரிச்ச ஓலைய எப்பிடி மக்ளே தீயில போட? கொண்டு வா.”

அதை நானே வாசல் நிலையில் செருகினேன்.

ஐப்பசியில் வாசல் தென்னையின் குருத்து, இழுத்ததும் கையோடு வந்தது. சோதனையில் தெரிந்தது இரண்டு இனமும் அல்ல, இரண்டும் கலந்த மூன்றாவது. ‘வந்த வழி தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தை முடிவதற்குள் எல்லாத் தோப்புகளையும் எரித்தார்கள். வீடுகளில் இருந்த ஓலையையும் விடவில்லை. என் வீட்டுக்கு யாரும் வரவில்லை, வீடு வீடாகச் சோதிப்பவளே நான்தானே.

இன்று காலை, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மிக்கேல் வந்தார்.

“நாளைக்குச் சாம்பல் புதன். நெத்தியில பூசுற சாம்பலுக்கு எரிக்க ஊர்ல ஒரு பழைய குருத்தோலை இல்ல. ஒன் வீட்டுல உண்டுமா?”

சிலுவையை உருவிக் கொடுத்தேன்.

“ஷெர்லின் கொண்டு வந்ததா?” என்று அதை முத்தமிட்டார். “நாளைக்கு ஊருக்கே ஒன் மவ தந்த சாம்பல்தான்.”