திரும்பி வந்த வில்லை

சூளையில் சுடாமல், தோசைக்கல் அளவுச் சூட்டிலேயே அழுத்தி இறுக்கிய, ஈயம் கலக்காத பீங்கான் வில்லை அது. நெஞ்சுக்குள் வைத்தால் மூச்சின் அசைவிலேயே மின்சாரம் எடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும். ஆள் போனபின் சிதைச் சூட்டில் அதன் சக்தி போய்விடும், ஆனால் வில்லை உடையாது. சாம்பலில் பொறுக்கி, தொழிற்சாலைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறொரு நெஞ்சுக்கு ஆகும்.

திரும்பி வரும் வில்லைகளுக்கு மறுபடி சக்தி ஏற்றுவதுதான் வசந்தாமணியின் வேலை. இன்று தட்டில் முதலில் இருந்ததன் வரிசை எண்ணை அவள் படித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கணவர் துரைசாமிக்குள் ஒன்பது வருஷம் இருந்தது அது. முந்தாநாள் பால் தெளித்த சாம்பலிலிருந்து அவளே பொறுக்கிக் கொடுத்தது.

"ஏனுங்க்கா, காரியம் முடிச்சுட்டு வந்திருக்கலாமில்லீங்க?" என்றாள் பக்கத்து மேசை ஜெயசுதா.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது கண்ணு?"

வில்லையைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மின்னழுத்தம் கொடுத்தாள். எடுத்துத் துடைத்து, அளவுமானியில் மாட்டி, வழக்கம்போல் நகத்தால் தட்டினாள். முள் துள்ளியது.

"பாஸ் ஆயிருச்சுங்க்கா" என்றாள் ஜெயசுதா.

ஒரு தடவை தட்டினால் போதும் என்பது அங்கே விதி. வசந்தாமணி சாப்பாட்டு மணி அடிக்கும்வரை, சீராக, தட்டிக்கொண்டே இருந்தாள்.