அறுபத்தொன்றில் மிஞ்சியவள்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அறுபத்தொரு பெண்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு பேர் கொண்ட குழுக்களாகக் கங்காணி எப்படிப் பிரித்தாலும் ஒருத்தி மிஞ்சுவாள். தினமும் அது வரிசைக் கடைசியில் நிற்கும் காத்தாயிதான். மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போக, அவளை மட்டும் தனியே வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்.

பதுளையில் மாலை வகுப்புக்குப் போகும் புதிதாய் வந்த இளம் கணக்கப்பிள்ளை முத்துவேலுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே வாயைத் திறந்தான்.

"ஒருத்திய மேல் டிவிசனுக்கு அனுப்பிடுங்க கங்காணி. அறுபதுன்னா, ஆறு வரைக்கும் எப்படிப் பிரிச்சாலும் யாரும் மிஞ்ச மாட்டாங்க."

"செஞ்சிடலாங்க."

காத்தாயி முன்னால் வந்தாள். "எம்பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே ஐயா."

"உனக்காகத்தானே சொன்னேன்?"

"மிஞ்சுனவளத்தான் கைப்புள்ளைங்கள விட்டுட்டு வர்ற புள்ளக்காம்பராவுக்குத் தண்ணி சொமக்க அனுப்புவாங்க. எம்புள்ளைக்கு மூணு மாசம். அங்க போனாத்தான் நேரத்துக்குப் பால் குடுக்க முடியும். வேணும்னேதான் கடைசியா வந்து நிக்கிறேன்."

முத்துவேல் கங்காணியிடம் திரும்பினான்.

"நான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன் கங்காணி. யாரையும் அனுப்பாதீங்க."