தட்டில் வைத்தால் தொடாத பூனை

"ஏனுங்கண்ணா, பூனைக்குச் சத்தாவும் இருக்கோணும், வெலையும் கட்டுப்படியாகோணும். என்னங்க குடுக்கலாம்?"

கேட்ட பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். நெற்றி நிறைய விபூதி. இப்படியொரு ஆளைத் தன் கறிக்கடைப் படியில் ஜெயபாண்டி அதுவரை பார்த்ததே இல்லை. வந்தவர் நேராகக் கடைக்கு வரவில்லை. வாசலில் நின்ற அவனுடைய மொபெட்டின் பெட்டியில் 'ஜெயபாண்டி பிராய்லர்ஸ்' என்று எழுதியிருந்ததை முதலில் வாசித்தார். பிறகு அண்ணாந்து கடைப் பலகையை வாசித்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"பால்சோறு வச்சுப் பாத்தீகளாக்கா?"

"பாலு, தயிர்சோறு, பாக்கெட்டுல விக்கிற பூனைத் தீனி, எல்லாம் வச்சாச்சுங்க. மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. எலும்பு எண்ணிப்போடலாமுங்க. எங்க ஊட்டுல மூணு தலைமுறையா கவிச்சி சேத்தறதில்லீங்க. அதுக்காக, வந்து சேந்த வாயில்லாச் சீவன் பட்டினி கெடந்து செத்துப்போனா, அந்தப் பாவத்த எந்த முருகங்கிட்டீங்க கொண்டுபோய்த் தொலைக்கிறது?"

பெயர் கலைமகள். வீரபாண்டியில் குழந்தைகளுக்குப் பனியன் தைக்கும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறாராம். வெட்டுத்துணி மூட்டை மேல் ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டு எழவே மாட்டேன் என்கிறதாம்.

அடேயப்பா, வீரபாண்டியா! அங்கிருந்து இங்கே வருவதற்குள் நாலு கறிக்கடையாவது தாண்டியிருக்க வேண்டுமே. அத்தனையையும் விட்டுவிட்டு இந்த அம்மா ஏன் நம்மைத் தேடி வருகிறார்? ஜெயபாண்டிக்கு மண்டை குடைந்தது. சரி, வீரபாண்டியில் பூனைக்கா பஞ்சம், எல்லாம் கடை ராசி என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

"நீங்க பூனை வளத்தியிருக்கீங்களாண்ணா?"

"வளக்காமயா? கடையிலயே கெடக்கும்க்கா. பெத்த மக மாதிரி தட்டுல வச்சு ஊட்டுவேன்."

"இப்ப எங்கீங்க அது?"

"அது... எங்கிட்டோ ஓடிப்போச்சுக்கா. பூனைக்கு ஏது விசுவாசம்?" என்றவன், தீட்ட வேண்டிய அவசியமே இல்லாத கத்தியை எடுத்துத் தீட்டினான்.

"அதுக்கு என்னங்கண்ணா குடுத்தீங்க?"

"கோழி நெஞ்சுக்கறி, இருதயம். ஈரல் கொஞ்சூண்டு, அதுவும் தெனம் கூடாது. உப்பு, மசாலா, வெங்காயம் ஒண்ணும் போட்டுராதீக. தண்ணியில வேகவச்சு எலும்ப எடுத்துட்டுக் குடுங்க. பாக்கெட் தீனிய விடச் செலவு கம்மி, சத்தும் கூட."

கலைமகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டப்பாவை நீட்டினார்.

மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தொடலீங்கண்ணா. கம்பெனிக்குப் பின்னால பொடக்காலியில அடுப்பப் பத்த வச்சு, பனியன் துணியில மூக்கக் கட்டிக்கிட்டு நானே வேக வச்சனுங்க. வெள்ளித் தட்டாட்டப் பளபளன்னு ஒரு தட்டு வாங்கி அதுல வச்சனுங்க. திரும்பிக்கூடப் பாக்கலீங்க. எந்திரிச்சு நிக்கவே தடுமாறுதுங்க. பொழைக்குமுங்களா?"

பாவமாகத்தான் இருந்தது ஜெயபாண்டிக்கு. கறி வாசம் பிடிக்காத பெண், ஒரு பூனைக்காக இந்தப் பாடு படுகிறார். யோசிக்காமல் வாயை விட்டான்.

"தட்டுல வச்சாத் திங்காதுக்கா. உசரமா ஒரு மேசையில, மறந்து வச்ச மாதிரி வைங்க. மேல ஒரு மூடிய லேசாச் சாச்சு வச்சுட்டு, பாக்காத மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கோங்க. திருடித் தின்னாத்தான் அதுக்குச் சோறு எறங்கும்."

"ஓ... அப்படீங்களா!" கலைமகள் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "தட்டுல வச்சு ஊட்டுவேன்னு சொன்னீங்களே."

"அது... எல்லாப் பூனையும் பொதுவா அப்படித்தான்க்கா."

அடுத்த நாள் வந்தபோது கலைமகளின் மூக்கில் முந்தானை இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"தின்னுருச்சுங்கண்ணா! மூடியத் தட்டி உட்டுப்போட்டு ஒரே மூச்சுல காலி பண்ணிருச்சுங்க. அப்புறம் என்ற மடியில ஏறிப் படுத்துக்குச்சு!"

ஜெயபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவை வாங்கி நெஞ்சுக்கறியை நிரப்பி, மேலே நாலு இருதயத்தையும் வைத்து மூடினான். காசை நீட்டிய கையைத் தடுத்தான்.

"வேணாம்க்கா. இன்னைக்கு உங்க பூனைக்கு நம்ம கடை சீருன்னு வச்சுக்கோங்க. ஆமா, நானும் மூணு நாளாக் கேக்கணும்னு இருக்கேன். வழியில அத்தனை கடை இருக்க, என்னைய எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் தேடி வந்தீக?"

கலைமகள் டப்பாவைப் பதமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். குரலில் துளிக் கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

"வந்த எடத்துல புள்ள சோறு திங்கலீன்னா, பொறந்த ஊட்டுல என்ன தின்னு பழகுச்சுன்னு பொறந்த ஊட்டுக்காரங்களத்தானுங்களே கேக்கோணும்? அன்னைக்கு நீங்க சாக்க அவுத்து அந்தப் பூனைய உட்டுப்போட்டுப் போனது எங்க கம்பெனிப் பொடக்காலியிலதானுங்கண்ணா. நல்லவேளை, வண்டிப் பொட்டியில கடைப் பேரு எழுதியிருந்துச்சுங்க."