தண்ணீர் கேட்காத செடி

“பாப்பாவுக்கு மல்லின்னா உசுரு. நீ ஆவாரத்தைப் போய் நடறியே?” என்றான் அருணகிரி.

சரசு குழியில் மண்ணைத் தள்ளினாள். “மல்லிக்கு தெனம் தண்ணி ஊத்தணும். மழையில்லாம நாம பெங்களூருக்குக் கல்லு சொமக்கப் போறோம், யாரு ஊத்துவாங்க? ஆவாரம் காய்ஞ்ச தரையிலயும் பூக்கும்.”

“தனியா இருந்தா பயப்படுவாளே.”

“பூத்தா தேனீ வரும். பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு இருக்கும்.”

“சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சரசு எழவில்லை. ஒரு குடம் தண்ணீருக்காகப் பாழுங்கிணற்றில் இறங்கிய ஒன்பது வயது மகளை அடி அண்ணாமலை இடுகாட்டில் புதைத்து எட்டு நாளாகிறது.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் மேட்டின் தலைமாட்டில் ஊற்றினாள்.

“இனிமே தண்ணிக்கு எங்கயும் போவாதடி, கண்ணு.”