வாஷ்பேசினுக்கு மேலே இரண்டு கண்கள்

நானும் நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனாலும் எங்கே கைகழுவப் போனாலும் தலை தானாக நிமிர்ந்து சுவரைப் பார்க்கும். எங்கள் பச்சைக் குழந்தைகள் வார்டு கொடுத்த பழக்கம் அது. அந்த சோப்பு வாசனைக்கு இன்னமும் மனசு ஏங்குகிறது.

வார்டு வாசலில் வாஷ்பேசின். அதற்கு மேலே, ஒரு போட்டோவிலிருந்து இரண்டு கண்களை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் எங்கள் பெரிய சிஸ்டர். பெரிய டாக்டரே மறதியாக நாலடி உள்ளே போய்விட்டு, அதைப் பார்த்ததும் அசடு வழியத் திரும்பி வந்து கைகழுவுவார்.

"யார் கண்ணு சிஸ்டர் இது?" என்று கேட்டால், "என்னுதுதான். உங்களை மேய்க்க ரெண்டு பத்தலைன்னு நாலா வச்சிருக்கேன்" என்பார்.

"தன் கண்ணையே மாட்டி ஊரை மிரட்டுறாங்களே, எவ்வளவு தலைக்கனம்" என்பாள் என் தோழி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பெரிய சிஸ்டர் ரிட்டயர் ஆன மறுநாள், கைகழுவும் முறையை விளக்கும் கலர் போஸ்டர் ஒன்று வந்தது. நான் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினேன்.

சோப்பு பாட்டிலை நிரப்ப வந்த ஆயா தயங்கினாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே, சிஸ்டர்."

"உன்னையா முறைக்குது? நீ பேசாம இரு" என்றாள் ரேடியோ.

"அது பெரிய சிஸ்டர் கண்ணு இல்லம்மா."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"ரொம்ப வருஷம் முன்னாடி இங்க ஒரு குழந்தை, பொறந்த ஆறாம் நாள் போயிடுச்சு. யாரோ அவசரத்துல கைகழுவாம தூக்கிட்டாங்க. பெரிய சிஸ்டர்தான் மறைக்காம அம்மாகாரிகிட்ட சொன்னாங்க. அவ சண்டை போடலை. யாருன்னுகூடக் கேக்கலை. என் கண்ணை மட்டும் இங்க மாட்டுங்க, மத்த குழந்தைங்களை நான் பாத்துக்கறேன்னா."

"அப்போ பெரிய சிஸ்டர் ஏன் தன்னோடதுன்னு சொன்னாங்க?" என்றாள் ரேடியோ.

"அவதான் சொல்ல வேணாம்னா. பாவப்பட்டா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க, பயந்தா மறக்க மாட்டாங்கன்னு."

நான் சட்டத்தைத் திருப்பி அந்தக் கண்களைப் பார்த்தேன். "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க, ஆயா?"

ஆயா சோப்பு பாட்டிலை நிரப்பி மூடி, வழிந்ததைத் துடைத்தாள். பிறகு, ஸ்டூலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மாஸ்க்குக்கு மேலே, எட்டு வருஷமாக நாங்கள் தினமும் பார்த்தும் பார்க்காமலே போன அதே கண்கள்.