பேரச் சொல்லிக் கூப்பிடு

அழகிரி தனியாக ஓட்டிப்போன சம்பான் படகில் அலை புகுந்துவிட்டது என்று கேட்டதும், அங்கம்மா, மீன்பிடிக்கும் அய்யாவுவின் படகில் ஏறிவிட்டாள். மலாயாவின் மூவார் ஆற்றுமுகத்தில் மழை கண்ணை மறைத்தது.

“என்னங்க! என்னங்கோ!”

“அய்யோ, அலமாக்! என்னங்கன்னா எவன் திரும்புவான்? பேரச் சொல்லிக் கூப்பிடு புள்ள!” என்றார் அய்யாவு.

“அவரு பேர நான் எப்படிண்ணே சொல்றது?”

“ஆளு முங்கிட்டா, அப்புறம் யாரு பேரச் சொல்லாம இருப்ப?”

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். “என்னங்க!”

இடப்பக்கம் இருமல் கேட்டது. நீர் நிறைந்த சம்பானைக் கட்டிக்கொண்டு அழகிரி மிதந்தான்.

“பக்கவாட்டுல ஏறாத, எல்லாரும் கவுந்துருவோம். பின்னால வா!” என்று அய்யாவு கத்த, அங்கம்மா அவன் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்தாள்.

மூச்சு வந்ததும் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அந்தப் பொம்பள எங்க?”

“எந்தப் பொம்பள?”

“என்னங்க, என்னங்கன்னு கத்துனாளே. பாவம், அவ புருசன் கெடச்சானா?”

அங்கம்மா தலைகுனிந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றுவதற்காக, முன்பின் தெரியாத இருவரையும் புருசன் பெண்டாட்டி என்று கங்காணி எழுதிவைத்து மூன்று வருஷம். அன்றுமுதல் ஒரே லயக் குடியிருப்பில் தனித்தனி அடுப்பு. இன்றைக்கு மழையில் கத்தும்வரை அவள் வாயில் அவன் வெறும் அழகிரிதான்.

“கெடச்சிட்டாரு,” என்றாள். “பேசாம உக்காருங்க.”